காப்பு கட்டுன ஊருக்குள்ள சங்கவி

எனக்குப் போன வாரம் பேத்தி பொறந்திருக்கா. கையில வாங்கினதுலேர்ந்து சிரிச்சிக்கினேதான் கெடக்கறேன். ஆனா அவ மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் சங்கவி ஞாபகம் வருது. அதான் சொல்றேன்.

சங்கவி மரக்காணம் பக்கம் மீன்புடிக்கிற வூட்டுப் பொண்ணு. கொழந்தைங்ககிட்ட தப்பா நடந்துக்கறவனுங்க கேஸப் பாக்கற வேலை, விழுப்புரத்துல ஆபீஸு. திண்டிவனத்துல எறங்குனா என் ஆட்டோதான். மேடம்னு கூப்ட்டா சண்டைக்கு வரும். மல்லாட்டைய, அதான் வேர்க்கடலைய, உரிச்சித் தின்னுக்கினே வரும், எனக்கும் பாதி குடுக்கும்.

போன ஆடியில பிரம்மதேசம் தாண்டி ஒரு ஊருக்குப் போனோம். ஊரு பேரும் புள்ள பேரும் வேணாம். ஒம்போது வயசுப் பொண்ணு, சித்தப்பன் செஞ்சத டீச்சர்கிட்ட சொல்லிடுச்சி. டீச்சர் சங்கவி ஆபீஸுக்குப் போன் போட்டுட்டாங்க. சித்தப்பனும் அதே வூட்லதான் இருக்கான். புள்ளைய அழைச்சிக்கினு போயி விழுப்புரத்துல ஹோம்ல வைக்கலாம்னு வந்தா, முந்தின நாளுதான் மாரியம்மனுக்குக் காப்பு கட்டியிருக்காங்க. ஆட்டோவுக்கு முன்னால டிராக்டரக் குறுக்க வுட்டுட்டானுங்க.

ஊர்ப் பெரியவரு சின்னக்கண்ணு சொன்னாரு: "காப்பு கட்டிட்டா ஊர்க்காரங்க யாரும் வெளிய ராத்தங்கக் கூடாதும்மா. திருநா முடியட்டும், பேசிக்கலாம்."

திருநா முடியறதுக்குள்ள புள்ளைய மெரட்டி பேச்ச மாத்திடுவானுங்க. அவ அம்மா துர்கா கதவுக்குப் பின்னாலயே நின்னுக்கினு இருந்துச்சி. "புள்ள புடிக்கறவ வந்துட்டாடோய்"னு எவனோ கத்துனான். "ஜல்தி கெளம்பிடலாம்மா"ன்னேன்.

"புள்ளைய வுட்டுட்டா அண்ணே?"ன்னுச்சி சங்கவி. நேரா பெரியவராண்ட போச்சி.

"யாருமே போவக்கூடாதாங்க ஐயா?"

"யாருமேதான்."

"இந்தப் புள்ளையோட சித்தப்பாவும்?"

அதுக்குள்ள சித்தப்பன் தப்பிச்சி ஓடறதுக்கு பைக்க ஸ்டார்ட் பண்ணிட்டான். பவுனுன்னு ஒரு பொம்பள வண்டி முன்னால போயி நின்னுச்சி. "ஏண்டா, ஒனக்கு மட்டும் காப்பு கட்டலியா?" நாலு பேரு கூடிட்டாங்க. அவன் எறங்கிட்டான்.

சங்கவி போன் பண்ணுச்சி. பொம்பள எஸ்ஐ பொடவையில வந்தாங்க. சின்னப் புள்ளைங்கன்னா காக்கி போடாம, இருக்கற எடத்துக்கே வந்து கேக்கணுமாம். துர்கா மடியில உக்காந்துக்கினு புள்ள எல்லாத்தையும் சொல்லுச்சி. சித்தப்பன ஜீப்புல ஏத்துனாங்க, புள்ள அம்மாகிட்டயே இருந்துக்கிச்சி. "காப்பு..."ன்னு ஆரம்பிச்ச பெரியவரு நிறுத்திக்கினாரு.

முடிஞ்சிதுன்னு நெனச்சேன். கூழு ஊத்தறப்ப துர்கா வூட்டுக் கேப்பைய யாரும் வாங்கல. கொழாயடியில அதுங்கிட்ட யாரும் பேசறதில்ல. கேஸு இன்னும் நடக்குது, அது முடியற வரிக்கும் அம்மாவும் புள்ளையும் அதே தெருவுலதான் கெடக்கணும். சங்கவி வாரா வாரம் போவுது.

போன வாட்டி புள்ள கேட்டுச்சி: "அக்கா, நான் வெளிய வெளையாடவே கூடாதா?"

சங்கவி எழுந்துடுச்சி. புள்ளையச் செருப்பு போட்டுக்கச் சொல்லி, கையப் புடிச்சிக்கினு தெருவுல நடக்க ஆரம்பிச்சிது. வாசலுக்கு வாசல் நின்னு பாத்தாங்க. நான் ஆட்டோவ மெதுவா பின்னாலயே ஓட்டிக்கினு போனேன்.