ராகு காலத்தில் ஒரு கேட்சர்

போன சனிக்கிழமை சான் ஹோசேயில் ஒரு கிரகப்பிரவேசம். புத்தம் புது வீடு. கார்பெட் வாசனைகூடப் போகவில்லை. ஹோமப் புகை கூரைக்குப் போனதும் ஸ்மோக் அலாரம் அலற ஆரம்பித்துவிட்டது. ஒருவர் நாற்காலி மேல் ஏறி நின்று அதற்குப் பேப்பர் பிளேட்டால் விசிறிக்கொண்டே இருந்தார். மந்திரம் ஒரு பக்கம், அலாரம் ஒரு பக்கம்.

நான் வழக்கம்போல ஒரு மூலை பார்த்து நின்றுகொண்டேன். கையில் சாப்பாட்டுத் தட்டு இருந்தால் யாரும் நம்மைப் பேசச் சொல்ல மாட்டார்கள் – இது கூச்ச சுபாவம் உள்ளவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. அன்று அதுவும் பலிக்கவில்லை.

"உங்க சன் சம்மருக்கு என்ன பண்றான்?" என்றார் வீட்டுக்காரர்.

"பேஸ்பால் ஆடறானுங்க."

"ஸ்கூல் சீசன்தான் முடிஞ்சு போச்சே?"

"அது ஸ்கூல் டீமுங்க. இது சம்மர் லீக், ஞாயித்துக்கெழம சாயங்காலத்துல. ரெண்டுலயும் ஆடறானுங்க."

சுற்றி இருந்தவர்கள் சட்டென்று திரும்பினார்கள். என் பையன் ரெண்டு கல்யாணம் பண்ணிக்கொண்டான் என்று சொன்னதுபோல் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அதெல்லாம் இல்லைங்க. மாமா சும்மா சொல்றாரு" என்று உள்ளே புகுந்தான் செந்தில். என் மனைவி பத்மாவின் தம்பி. கம்ப்யூட்டர் இன்ஜினியர். சான்டா கிளாராவில் ஓர் இந்திய ஓட்டலுக்குச் சமையல்காரர் வேண்டும் என்று கேள்விப்பட்டு, அஞ்சாவதோடு நிறுத்திய என்னைக் குடும்பத்தோடு இந்த நாட்டுக்கு வரவழைத்தவன். நல்லவன். அதுதான் கஷ்டமே... கெட்டவர்களை எதிர்த்துப் பேசிவிடலாம். நல்லவர்களை எப்படி எதிர்ப்பது?

"கதிருக்கு சண்டே நாலுல இருந்து ஏழு வரைக்கும் எஸ்.ஏ.டி. கோச்சிங் அரேஞ்ச் பண்ணியிருக்கேன். காலேஜ் அட்மிஷனுக்கு அது ரொம்ப இம்பார்ட்டன்ட்" என்றான் செந்தில். பிறகு என் பக்கம் திரும்பி, "ஸ்கூல் டீம்ல ஆடறது சரிங்க மாமா. காலேஜ் அப்ளிகேஷன்ல போட்டுக்கலாம். சம்மர் லீக்கை எங்க போடுவீங்க?"

எங்கே போடுவேன்?

என் வாயில் ஜாமூன் இருந்தது. வாய் காலியாக இருந்திருந்தாலும் பதில் வந்திருக்காது. எனக்குப் பேச வராது. அதனால்தான் வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயம் செந்திலுக்குத் தெரியாது. ஸ்கூல் டீமில் கதிருக்குப் பேர் இருக்கிறது, நம்பர் போட்ட சட்டை இருக்கிறது, குரூப் போட்டோவில் முகம் இருக்கிறது. ஆட்டம்தான் இல்லை. சீசன் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் கேட்சர். அதாவது, பேட்டைப் பிடித்து நிற்கிறவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, வருகிற பந்தைப் பிடிக்கிறவன். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் மாதிரி. ஒரு டீமுக்கு ஒரு கேட்சர்தான் ஒரு நேரத்தில் ஆட முடியும். ஸ்கூலில் அந்த இடத்தில் கடைசி வருஷப் பையன் ஒருவன் மலைபோல் உட்கார்ந்திருந்தான்.

அப்ளிகேஷனில் போடுகிற டீமில் ஆட்டமில்லை. ஆட வேண்டும் என்றால் சம்மர் லீக்தான் கதி. அங்கே ஸ்கூல் கிடையாது, கிரேடு கிடையாது. ஒரு பார்க், ஒரு கோச், வெயில். அவ்வளவுதான்.

அதற்கு ஆள் எடுக்கிற நாள் போன மாதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை மணி.

நாள் என்ன, மணி என்ன என்று இன்னொரு தடவை படியுங்கள். புரிந்துவிட்டதா? ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் பக்கத்தில் தொங்குகிற காலண்டர் ஊரிலிருந்து வந்தது. அதில் அமெரிக்க லீவு நாள் ஒன்றும் இருக்காது. ராகு காலம் இருக்கும்.

"முத முதலா ஒரு காரியத்துக்குப் போறான். ராகு காலத்துலயா பந்தைப் புடிப்பான்?" என்றாள் பத்மா.

"அம்மா, தே வோன்ட் வெயிட் ஃபார் மீ!" என்றான் கதிர்.

நான் சமாதானம் பேசினேன். ராகு காலம் தொடங்கும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டால் தோஷமில்லை என்று நம்மவர்கள் ஒரு சந்து வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதைச் சொன்னேன்.

"கெளம்பறது வேற, ஆரம்பிக்கறது வேற. கெளம்பலாம். ஆனா ஆறு மணிக்கு அப்புறந்தான் எறங்கணும்."

ஓட்டலில் ஞாயிறு மதிய பஃபே முடித்து வந்த கையோடு காரை எடுத்தேன். நாலு மணிக்கே கிளம்பினோம். நாலேகாலுக்கே பார்க் வாசலில் போய் நிறுத்தியாயிற்று. இறங்கவில்லை!

காருக்குள் மூன்று பேர். முன்சீட்டில் காலண்டரில் கிழித்த தாளோடு பத்மா. பின்சீட்டில் முட்டிக்கவசம், மார்க்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு போருக்குக் கிளம்பிய ராஜா மாதிரி கதிர். கண்ணெதிரே வேலிக்கு அந்தப் பக்கம் பையன்கள் வரிசையாக நின்று பேர் கொடுக்கிறார்கள். பந்து போடுகிறார்கள், பிடிக்கிறார்கள், ஓடுகிறார்கள். கோச் ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையாட்டுகிறார். என் பையன் கண்ணாடி வழியாக அதையெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கேட்சராக வந்த பையன் ஒருவன் பந்தை விட்டபோது, கதிரின் கை தானாக எழுந்து கார்க் கண்ணாடியில் இடித்தது.

"கதவைத் தொறந்து விடட்டுமா?" என்றேன்.

பத்மா என்னைப் பார்த்தாள்.

ராகுவுக்காவது ஒன்றரை மணி நேரம்தான் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஆறு அடித்தது. கதிர் கதவைத் திறந்து ஓடினான். அங்கே ஆள் எடுப்பு முடிந்து, பையன்கள் கலைந்து, கோச் பேட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். டோனி என்று பேர். வாரநாளில் வீடுகளுக்குக் கூரை போடுகிறவர். கழுத்து செக்கச்செவேல் என்று வெந்திருந்தது.

கதிர் அவர் முன்னால் போய் நின்றான். நின்றானே தவிர, பேச்சு வரவில்லை. என் ரத்தம்தானே! வேறு வழியில்லாமல் நானே இறங்கிப் போனேன்.

"ட்ரைஅவுட் நாலரைக்கு" என்றார் டோனி.

"எஸ்" என்றேன்.

"இப்போ மணி ஆறு."

"எஸ்."

"என்ன ஆச்சு?"

என்னிடம் இருந்த இங்கிலீஷ் முழுவதையும் திரட்டி, "பேட் டைம்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. தொப்பியைக் கழற்றினார். "ஐயாம் சோ சாரி. வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா?"

"நோ, நோ! எவரி சண்டே பேட் டைம்."

"எவரி சண்டே?"

"எவரி டே. டிஃபரென்ட் டைம்."

கதிர் தொப்பியை இழுத்து மூக்கு வரைக்கும் மூடிக்கொண்டான். பிறகு அந்தத் தொப்பிக்குள்ளிருந்தே அம்மாவின் ராகு காலத்தை இங்கிலீஷில் விளக்கினான். தினமும் ஒன்றரை மணி நேரம், அதில் புதிதாக எதையும் ஆரம்பிக்கக் கூடாது, அம்மா காரில் இருக்கிறாள், கையில் காலண்டர் இருக்கிறது...

அவர் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தரையில் சுண்ணாம்பால் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் காட்டினார்.

"பதினைந்து வயதிலிருந்து நான் இந்தக் கோட்டை மிதித்ததில்லை. தாண்டித்தான் போவேன். மிதித்தால் தோற்போம். என் டீமில் பந்து போடுகிற பையன் ஜெயித்துக்கொண்டிருக்கும் வரை சாக்ஸ் துவைக்க மாட்டான். அவன் பக்கத்தில் யாரும் உட்கார முடியாது. ஆனால் துவைக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை." பிறகு வாட்சைப் பார்த்தார். "உங்கள் பேட் டைம் எப்போது முடிந்தது?"

"சிக்ஸ்."

"இப்போ ஆறு பத்து. அப்படியென்றால் இது குட் டைம். போய் உட்கார்."

சொல்லிவிட்டுக் கோட்டைத் தாண்டிக் குதித்துப் போனார். அந்தப் பெரிய உடம்போடு!

அவரே பந்து போட்டார். தரையில் குத்தி எழும்புவது, தலைக்கு மேல் போவது, பக்கவாட்டில் விலகுவது – எல்லாவற்றையும் கதிர் பிடித்தான். பிடித்துப் பிடித்து எறிந்தான். டோனிக்குத்தான் மூச்சு வாங்கியது.

"எழுந்து காலை உதறிக்கொள். முட்டி வலிக்கவில்லையா?"

"நோ, கோச்."

"எப்படி வலிக்காமல் இருக்கும்?"

எப்படி வலிக்கும்? எங்கள் வீட்டில் டைனிங் டேபிள் மேல் துணி மடித்து வைப்போம். வெங்காயம் உரிப்பது, பட்டாணி உடைப்பது, டி.வி. பார்ப்பது எல்லாம் சமையலறை வாசலில் குந்தி உட்கார்ந்துதான். கதிர் நடக்கப் பழகிய நாளிலிருந்து அப்படித்தான் வளர்ந்தான். இதை இங்கிலீஷில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டிவைத்தேன்.

"இன்றைக்குக் கேட்சருக்கு வந்த மற்ற பையன்கள் பாதி ஆட்டத்தில் முட்டியைப் பிடித்துக்கொள்வார்கள்" என்றார் டோனி. "இவன் எனக்கு வேண்டும். முதல் ஆட்டத்திலிருந்து இவன்தான் கேட்சர்." போகும்போது என் தோளைத் தட்டி, "ஆட்ட நாளில் பேட் டைம் எப்போது என்று எனக்கு போன் செய்துவிடுங்கள். நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன்" என்றார்.

காரில் திரும்பும்போது கதிர் பேசிக்கொண்டே வந்தான். அந்த ஸ்கூல் சீசன் முழுக்க அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

சரி, கிரகப்பிரவேச வீட்டுக்கு வருவோம். செந்தில் என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், ஹாலின் அந்தப் பக்கம் பத்மா இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ராகு காலம் முடியட்டும்னு கார்லயே உக்காந்திருந்தம்ங்க. முடிஞ்சு போனான், ஒடனே எடுத்துக்கிட்டாங்க!"

ஹோமத்தை முடித்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த சாஸ்திரிகள் காதில் அது விழுந்தது.

"எத்தனை மணிக்கும்மா போனேள்?"

"ஆறு பத்துங்க சாமி."

"அடடா! இங்க சம்மர்ல கடிகாரத்தை ஒரு மணி முன்னாடி தள்ளி வச்சுடறாளே. சூரியனைத் தள்ளி வைக்கலையே! அஞ்சரைலேருந்து ஏழு வரைக்கும்னா இப்ப ராகு காலம்? நீங்க போனது நட்ட நடு ராகு காலம்."

பத்மா முகம் வெளுத்துவிட்டது. நாலரைக்கே போயிருந்தால் நல்ல நேரம். நல்ல நேரம் முழுக்கக் காருக்குள் பூட்டி வைத்து, ராகு காலம் பார்த்து இறக்கி விட்டிருக்கிறோம்!

செந்தில் விடுவானா? ஜாதகம், சகுனம் எதையுமே நம்பாதவன். அன்று நம்பினான்.

"பாத்தியாக்கா! நான் சொன்னப்போ கேக்கல. சாமியே சொல்லிட்டாரு. ராகு காலத்துல ஆரம்பிச்சது வெளங்காது. பேசாம சண்டே அவனை கிளாஸுக்கு அனுப்பு."

அன்றைக்கு நான் பயந்துவிட்டேன். பத்மா சாமி காரியத்தில் விட்டுக்கொடுக்க மாட்டாள். அவள் 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் கதிரின் சம்மர் அந்த ஹாலிலேயே முடிந்துவிடும். கதிர் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தமிழில் பதில் சொல்ல மாட்டானே ஒழிய, எல்லாம் புரியும்.

பத்மா சாஸ்திரிகளைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். மாடிப்படியைப் பார்த்தாள்.

"ராகு காலத்துல போயும் கெடச்சிருக்குதுன்னா, அப்ப அது முழுக்க எம் பையன் கெட்டிக்காரத்தனந்தானே?" என்றாள். "நல்ல நேரத்துல போயிருந்தா, நேரத்தாலதான் கெடச்சுதுன்னு சொல்லியிருப்பீங்க. செந்திலு, நீ அந்த கிளாஸ் சீட்டை வேற யாருக்காச்சும் குடுத்துரு."

சாஸ்திரிகள் சிரித்துவிட்டார். செந்தில் அக்காவை விட்டுவிட்டான். என்னிடம் திரும்பினான். "நீங்களாச்சும் சொல்லுங்க மாமா. சம்மர்ல ஆடி என்னங்க யூஸு? அப்ளிகேஷன்ல ஒரு லைன்கூட வராது."

ஜாமூனை விழுங்கிவிட்டேன்.

"அப்ளிகேஷன்ல போடறதுக்கில்ல மாப்ள. ஆடறதுக்கு."

அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை இங்கே சொல்கிறேன், கேளுங்கள்.

நம்மவர்கள் வீட்டில் பிள்ளைகள் வயலின் வாசித்தால் அது அப்ளிகேஷனுக்கு. முதியோர் இல்லத்தில் போய்ச் சூப் ஊற்றினால் அது அப்ளிகேஷனுக்கு. செஸ், நீச்சல், பரதநாட்டியம், எல்லாம் அப்ளிகேஷனுக்கு. ஒரு பிள்ளை எப்போதுதான் ஒன்றை அதற்காகவே செய்யும்? எனக்கு அந்த வயதில் இட்லிப் பானையும் கரியும்தான் தெரியும். என் பையனுக்கு எங்கேயும் எழுத முடியாத ஒரு சம்மர் கிடைக்கட்டுமே! கிடைத்தால் என்ன குடி முழுகிப் போகும்? ஸ்கூல் டீமுக்கும் போவான், பெஞ்சில் உட்கார்ந்தாலும் போவான். சம்மரிலும் ஆடுவான். ரெண்டும் ஆடுவான். இதைப் படித்துவிட்டுச் செந்தில் வீட்டுக்கு வந்தாலும் இதையேதான் சொல்வேன் – சொல்ல வரவில்லை என்றால் இந்தப் பக்கத்தைக் காட்டுவேன்.

இந்த ஞாயிறு முதல் ஆட்டம். மாலை ஐந்தரைக்கு. சரியான ராகு காலம். மூன்று பேரும் போகிறோம், நேரத்துக்கு இறங்குகிறோம்.

கோச்சுக்கு மட்டும் போன் செய்யவில்லை. பாவம், அவர் இதையெல்லாம் நம்புகிறவர்.