செபமாலையில் ஒரு முதன்மை எண்

சாகக் கிடப்பவர் பக்கத்தில் நின்று, செபத்தை நிறுத்தச் சொல்லி யாராவது கத்துவார்களா? அதுவும் கத்தோலிக்கனாகப் பிறந்தவன்? போன ஞாயிற்றுக்கிழமை நான் கத்தினேன்.

நறுவிலிக்குளத்து எலியாஸ் மாஸ்டர் பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள் – அவர் கணிதம், நான் தமிழ். டொக்டர் அவருடைய பெயரைக் கேட்டார், கிழமையைக் கேட்டார்... பதிலே இல்லை. நினைவு திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றுவிட்டாராம்.

நான் போன நேரம் மாஸ்டரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. விரல்கள் செபமாலை மணிகளை உருட்டின.

"செபம் சொல்லுறார் அண்ணை. போறதுக்கு ஆயத்தப்படுறார்" என்று அவர் மனைவி பிலோமினா அழுதார். கடைசி நேரத்து எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுக்கப் பங்குச் சுவாமியாருக்கும் ஆள் அனுப்பியாகிவிட்டது.

எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? பார்க்க வந்த அத்தனை பேரும் முழங்காலில் நின்று உரத்த குரலில் செபமாலை தொடங்கினார்கள். மாஸ்டர் முகத்தைச் சுளித்தார். விரல் முதல் மணிக்குத் திரும்பியது. பாவம், வேதனை என்று நினைத்து இன்னும் உரக்கச் சொன்னார்கள். மறுபடியும் சுளிப்பு. மறுபடியும் முதல் மணி!

எனக்கு ஏதோ உறுத்தியது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"முப்பத்தேழு... மிச்சம் பதினேழு. நாப்பத்தொண்டு... மிச்சம் மூண்டு..."

இது என்ன செபம்? அவர் கண் போன பக்கம் பார்த்தேன். ஒட்சிசன் சிலிண்டர். அதில் வெள்ளைப் பெயின்ரால் எழுதியிருந்தது – 10007.

மனுஷன் வகுத்துப் பார்க்கிறார்! ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாததுதான் முதன்மை எண். தேத்தண்ணி ஆறும்வரை அவர் எனக்கு விளக்கிய விஷயம் இது. நூறை நூறால் பெருக்கினால் பத்தாயிரம்; நூறைத் தாண்டிய இரண்டு எண்களைப் பெருக்கினால் இதை மிஞ்சிவிடும். ஆகவே இந்த எண்ணுக்கு, நூறுக்குக் கீழே உள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். எதனாலும் வகுபடாவிட்டால் எண் தேறிவிட்டது. ஒவ்வொரு வகுத்தலுக்கும் ஒரு மணி. நாங்கள் இப்படிச் சத்தம் போட்டால் குழம்பாதா?

"செபத்தை நிப்பாட்டுங்கோ!"

வாசலுக்கு வந்த சுவாமியாரும் அப்படியே நின்றுவிட்டார். மாஸ்டர் முதல் மணியிலிருந்து தொடங்கினார். ஐம்பதைத் தாண்டினார். எழுபதைத் தாண்டினார்.

"தொண்ணூத்தேழு... மிச்சம் பதினாறு." குழறலாகத்தான் வந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "முதன்மை எண்!"

போய்விட்டார் என்று நாங்கள் முடிவு கட்டிய மனுஷன், உள்ளே இருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிலோமினாவுக்குக் கணிதம் என்றாலே ஆகாது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அதற்கு ஏச்சுத்தான். அப்படிப்பட்டவர் கட்டிலில் உட்கார்ந்து மெல்லக் கேட்டார்: "இஞ்சாருங்கோ... இதுக்கு அடுத்தது என்ன?"

மாஸ்டரின் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது.

"பத்தாயிரத்து ஒன்பது எண்டு நினைக்கிறன், பிலோ. நாளைக்குப் பாத்துச் சொல்லுறன்."

நாளைக்கு! – நாங்கள் செபத்தில் கேட்கக்கூடத் துணியாத சொல் அது.