மார்வாவின் சாப்பாட்டு நேரம்

மார்வா கெயின்ஸுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். சாண்ட்விச்சைத் தின்றுகொண்டே கை எலும்புகளின் பெயர்களை ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை உடற்கூறியல் தேர்வு. போன தடவை கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவையும் விட்டால் நர்சிங் வகுப்பை மறந்துவிட வேண்டியதுதான். அமெரிக்காவின் டேட்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் பல வருஷமாகக் கிழவர்களைக் குளிப்பாட்டித் துடைக்கிறவள், நாற்பது வயதுக்கு மேல் பிள்ளைகளோடு பிள்ளையாகக் கல்லூரியில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

காலையில் உளவியல் வகுப்பில்தான் வினை ஆரம்பித்தது. பேராசிரியர் ஹாலிஸ் எல்லோரையும் கணினி முன் உட்கார வைத்து ஒரு சோதனை கொடுத்தார். திரையில் கறுப்பு முகம், வெள்ளை முகம், நல்ல சொல், கெட்ட சொல் எல்லாம் மாறி மாறி வரும். யோசிக்காமல் பொத்தானைத் தட்ட வேண்டும். எந்த முகத்தோடு நல்ல சொல்லைச் சேர்க்கும்போது விரல் தயங்குகிறது என்று கணினி கண்டுபிடித்துவிடும். நமக்கே தெரியாமல் நமக்குள் குந்தியிருக்கும் பாரபட்சமாம்.

முடிவு வந்ததும் வகுப்பே கொதித்தது. டக்கர் என்ற பையன் எழுந்து, "இது சுத்த ஃபிராடு சார். எனக்கு இடது கைப் பழக்கம், அதான் இப்படி வந்திருக்கு" என்றான். இன்னொருத்தன் தன் கூடைப்பந்து அணியில் பாதிப் பேர் கறுப்பர்கள் என்று சாட்சிக்கு இழுத்தான். அப்புறம் ஒவ்வொரு தலையாக மார்வாவின் பக்கம் திரும்பியது. அந்த வகுப்பில் கறுப்புத் தோல் அவள் ஒருத்திக்குத்தான்.

உணவுக்கூடத்தில் முதலில் வந்து நின்றவள் அதே வகுப்பில் படிக்கும் கெண்டல். மூக்கு சிவந்திருந்தது.

"மார்வா, எனக்கு வெள்ளை முகத்தத்தான் பிடிக்குமாம். ரொம்பவே பிடிக்குமாம். நான் அப்படிப்பட்டவ இல்ல, தெரியுமில்ல? ஸாரி மார்வா."

"நீ என்னை என்ன பண்ணிட்ட, கண்ணு?"

"ஒண்ணும் பண்ணல. ஆனா உள்ளுக்குள்ள..."

அதற்கு மேல் ஓவென்று அழுகை. மார்வா வாயிலிருந்த ரொட்டியை விழுங்கிவிட்டு முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவள் போனதும் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் டக்கர். "எனக்கு அழுகையெல்லாம் வரல. மரியாதைக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு." துக்கம் கேட்க வருவதுபோல வந்துகொண்டே இருந்தார்கள். செத்தது யார் என்றுதான் அவளுக்குப் புரியவில்லை. மணிக்கட்டைக்கூட அவள் இன்னும் எட்டவில்லை.

பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. இல்லத்தில் அழுகிறவர்களைத் தேற்றினால் சம்பளமாவது வரும். இங்கே எல்லாம் ஓசி. இதில் பெரிய வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவளுடைய திரையும் அதையேதான் சொல்லியிருந்தது. அவளும் வெள்ளை முகத்தின் பக்கம் கொஞ்சம் சாய்கிறாளாம். பெற்ற பிள்ளைகளின் முகத்தை விட்டுவிட்டா? அதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? உனக்கு என்ன வந்தது என்று ஒரு பிறவியும் கேட்கவில்லை.

கெண்டல் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். "இப்ப மனசு லேசா இருக்கு. நான் மாறப்போறேன் மார்வா. என்ன வேணும்னாலும் கேளுங்க, செய்றேன்."

"நெஜமாவா? அப்ப நீங்கல்லாம் மூணு மணிக்கு லைப்ரரில உக்காந்து எலும்புப் பாடம் படிக்கிறீங்கல்ல, அதுல என்னையும் சேத்துக்க."

கெண்டல் விழித்தாள். "அது வந்து... அந்த டேபிள்ல ஆறு சேர்தான் இருக்கு மார்வா. நாங்களே ஆறு பேர். நீங்க வேலைக்கும் போறவங்க, உங்களுக்கு எங்க நேரம் இருக்கப்போகுதுன்னு நாங்களே நெனச்சுட்டோம். மத்தவங்களக் கேட்டுச் சொல்றேனே."

போகும்போது கட்டிப்பிடித்துவிட்டு வேறு போனாள்.

மூன்று மணிக்கு மார்வா நூலகத்துக்குப் போனாள். பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்தாள். அது தரையைக் கீறிய சத்தத்தில் நூலகமே நிமிர்ந்து பார்த்தது. கெண்டலுக்கும் டக்கருக்கும் நடுவில் அதைப் போட்டாள்.

கெண்டல் கைக்குட்டையைத் தேடினாள். "ஸாரி மார்வா, நாங்க..."

"இன்னொரு ஸாரி கேட்டுது, இங்கயே கத்திடுவேன். நகரு."

டக்கர் ஒரு சாண் நகர்ந்தான். மீதி இடத்தை மார்வா முழங்கையால் எடுத்துக்கொண்டு புத்தகத்தை விரித்தாள்.

"மணிக்கட்டு எலும்பு. யார் சொல்றீங்க?"