கையகலக் கரப்பான்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தூத்துக்குடித் துறைமுகத்து மரக்கிடங்குக்கு அழைத்துப் போயிருந்தேன். கப்பலில் வந்த மரங்களுக்குப் பூச்சிமருந்து அடிக்கும் ஒருவர் அங்கே இருந்தார். மெலிந்த உடம்பு, வெளுத்த விரல்கள். மருந்தடிக்குமுன் ஒவ்வொரு மரத்தையும் தட்டிப் பார்ப்பார். அப்படித் தட்டியபோது வெளியே வந்த கையகலக் கரப்பானை உள்ளங்கையில் ஏந்திப் பிள்ளைகளிடம் காட்டினார்.

"பயப்படாதீய மக்களே, கடிக்காது. காட்டுல மக்குன இலையத்தான் திங்கும். முட்டைய வயித்துக்குள்ளயே வச்சிப் பொரிச்சி, குஞ்சாத்தான் போடும்."

பிள்ளைகள் ஆசையாக நெருங்கினார்கள். நான் அலறிக்கொண்டு அதைத் தட்டிவிட்டு, செருப்புக்காலால் மிதித்தேன்.

"எப்படியும் கொல்லத்தான் வேணும் டீச்சர். பிள்ளைக பாத்து முடிக்கட்டும்னுதான் வச்சிருந்தேன்" என்றார். குரலில் கோபமே இல்லை.

நசுங்கிய உடலிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் குஞ்சுகள் நெளிந்தன. பிள்ளைகள் என்னை விட்டு விலகி அவரருகே போய் நின்றார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பொய் சொல்லி அவர்களைக் கிளப்பினேன். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.