வெள்ளியங்கிரியின் கல்கத்தா

இருபத்தாறு வருடம் ஓர் ஊருக்குப் போய் வந்தவருக்கு அந்த ஊர் தெரியுமா, தெரியாதா? தெரியாமல் எப்படி இருக்கும் என்கிறீர்களா? அப்படியானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெண்ணந்தூருக்கு வந்து வெள்ளியங்கிரியைப் பாருங்கள். வீட்டுக் கூடத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, மகளின் பழைய கல்லூரி நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். கோடு கோணினால் பக்கத்தைக் கிழிக்கிறார். கிழித்ததைக் கசக்கி எறிவதில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். எந்தச் செக்போஸ்ட்டில் எவன் எந்தச் சீட்டைக் கேட்பான் என்று தெரியாமல் ஆயுளைக் கழித்தவர் அவர். காகிதம் எதுவானாலும் பையில் இருக்க வேண்டும்.

வயது ஐம்பத்தெட்டு. முதுகெலும்பு இனிமேல் முடியாது என்று கைவிரித்துவிட்டதால் லாரியை விட்டு இறங்கி இரண்டு வருடமாகிறது. ராசிபுரத்தில் ஒரு பள்ளிக்கு வேன் ஓட்டுகிறார். அவர் லாரியை விட்டாலும் லாரி அவரை விடவில்லை. யார் வீட்டு வாசலில் எந்த வண்டி நின்றாலும் குதிகாலால் டயரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். "ஏனுங்க, அது சைக்கிளுங்க" என்று மனைவி அமுதவல்லி கத்துவாள். டவுன் பஸ்ஸில் உட்கார்ந்தால் வளைவு வரும்போதெல்லாம் அவர் வலது கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும். சேலம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிலோமீட்டர் சொல்ல மாட்டார். "ஒரு டீ" என்பார். பெங்களூர் மூன்று டீ. துணி மூட்டையைக் கட்டச் சொன்னால் தார்ப்பாய்க் கட்டுப் போட்டுவிடுவார். அதை அவிழ்க்க அவரே வர வேண்டும்.

சேலத்து ஜவ்வரிசியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோய் இறக்கியதுதான் அவருடைய வாழ்நாள் வேலை. மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். "அப்பா எங்கே?" என்றால் மகள் யுவஸ்ரீ மழலையிலேயே "கக்கத்தா" என்பாளாம். இப்போது அவள் அஸ்தம்பட்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பொங்கலுக்குத் தறிப்பட்டறை ஒரு வாரம் நிற்கும், எங்காவது போகலாம் என்று அமுதவல்லியோடு தறி ஓட்டும் பெண்கள் பேச்செடுத்தபோது, ஏற்காடு என்றார்கள், மைசூர் என்றார்கள். அமுதவல்லி ஒரே பேச்சாகச் சொன்னாள்: "எனக்குக் கல்கத்தா போகோணும். என்ற ஊட்டுக்காரரப் பாதி ஆயுசு வெச்சிருந்த ஊரு. அது மூஞ்சிய ஒருக்கா நான் பாக்கோணும்."

அப்படித்தான் முடிவானது. அமுதவல்லி, அவள் தோழி செல்லாயி, இன்னும் நான்கு தறிக்காரிகள், யுவஸ்ரீ, வெள்ளியங்கிரி. எட்டுப் பேர். சென்னை போய் அங்கிருந்து ஹவுரா ரயில். ஊரில் மூன்று நாள். டிக்கெட் எடுத்த யுவஸ்ரீ எங்கெங்கே போவது என்று போனில் பார்க்கத் தொடங்கியதும் வெள்ளியங்கிரி கையை நீட்டித் தடுத்தார். "போனப் பாத்துத்தான் கல்கத்தா போகோணும்னா நான் எதுக்குச் சாமி? நான் எழுதித் தாரேன்."

அன்றிலிருந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக எழுதுகிறார்.

முதல் இரண்டு பக்கங்களைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். வேலூர், நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா, ராஜமுந்திரி, விசாகப்பட்டினம், புவனேஸ்வர், பாலசோர், கரக்பூர், டாங்குனி. ஒவ்வொன்றுக்கும் எதிரே குறிப்பு. எந்தப் பெட்ரோல் பங்கில் குளிக்கத் தண்ணீர் கிடைக்கும், எந்த தாபாவில் பருப்பில் கல் இருக்காது, எந்தப் பாலத்தில் மாடு படுத்திருக்கும். அறிஞர்கள் எழுதும் பயண நூல்களில் இந்தத் துல்லியம் கிடையாது.

"இதெல்லாம் எதுக்குப்பா? நாம ரயில்ல போறோம்" என்றாள் யுவஸ்ரீ.

"ரோடு தெரியோணுமில்ல."

அமுதவல்லி எட்டிப் பார்த்தாள். "டாங்குனிக்கு அப்பறம் என்னங்க?"

"அப்பறம் கல்கத்தாதான்."

"கல்கத்தாவுல என்ன?"

"அதான் வருதுல்ல. அவசரப்பட்டா எப்படி?"

வரவில்லை. பேனா டாங்குனி டோல்கேட்டிலேயே நின்றுவிட்டது. ஹவுராவில் இறங்கினால் கல்கத்தா இன்னும் எத்தனை கிலோமீட்டர்? பெரிய பாலம் ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அவர் லாரி போனது வேறொரு பாலம். சரக்கு இறக்கும் பஜாருக்குள் திரும்பும் சந்து அவருக்குக் கண்ணை மூடினாலும் வரும்: முதலில் தாழ்ந்த மின்கம்பி, பிறகு இடது சக்கரம் இறங்கும் பள்ளம், பிறகு கடுகெண்ணெய் வாசம், ஈரச்சாக்கு வாசம், பின்னால் ஒருவன் "ஆஸ்தே, ஆஸ்தே" என்று மெதுவாக வரச் சொல்லும் குரல். ஆனால் அந்தச் சந்திலிருந்து ஊர் எந்தப் பக்கம்? அவருக்குத் தலை சுற்றியது. நோட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தார். வடக்கு எது என்று புரியவில்லை. கடைசியில் கையே எதையோ எழுதி முடித்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறைப் பெண்கள் அமுதவல்லியின் வீட்டுக்கு வந்து நோட்டைக் கேட்டார்கள். செல்லாயிக்கு வாய் கொஞ்சம் நீளம். சத்தமாகப் படிப்பதும் அவள்தான்.

"முதல் நாள். காலை ஆறு மணி, ஹவுரா இறங்குதல். ஆறு முதல் இரவு பத்து வரை ஓய்வு. இரவு பத்து மணி, ஊருக்குள் நுழைதல். பதினொன்று, வெள்ளைக் கல் மாளிகை. பன்னிரண்டரை, மியூசியம். காலை ஐந்தரை, ஊரை விட்டு வெளியேறுதல்." அவள் பக்கத்தைத் திருப்பினாள். "ரெண்டாம் நாள். இரவு பத்து மணி, ஊருக்குள் நுழைதல்... ஏனுங்ணா, எங்களக் கூட்டிட்டுப் போயி களவாங்கறதுக்கா பிளான் போட்டிருக்கறீங்க?"

கூடம் அதிர்ந்தது. ஒருத்தி சிரித்துச் சிரித்து இருமினாள். வெள்ளியங்கிரி மட்டும் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை.

"பத்து மணிக்கு முன்னாடி உள்ளார உடமாட்டானுங்க."

"யார உடமாட்டான்?"

"வண்டிய."

"நம்மகிட்ட வண்டி எங்கீங்ணா இருக்குது?"

அவர் கண்களைச் சுருக்கி எதிர்ச்சுவரைப் பார்த்தார். ஆறாவது வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்தான்; மியூசியம் பகலில் திறந்திருக்கும், மனிதர்கள் பகலில் ஊருக்குள் போகலாம். அவருக்கும் தெரியும். ஆனால் பகலில் லாரிகளை உள்ளே விடாத அந்த ஊர் இருபத்தாறு வருடமாக அவருக்கு இரவு பத்து மணிக்குத்தான் திறந்தது. விடிவதற்குள் காலி லாரியோடு வெளியே ஓட வேண்டும். பகல் முழுக்க எல்லைக்கு வெளியே, லாரிகளின் வரிசையில் காத்துக் கிடக்க வேண்டும். அவர் கொண்டுபோன ஜவ்வரிசி அந்த ஊர்க்காரர்களுக்கு விரத நாள் சாப்பாடு. கடவுளுக்காகப் பட்டினி கிடந்தவர்களின் பசியை ஆற்ற, நோ என்ட்ரிக்காகப் பட்டினி கிடந்தார் ஒரு மனிதர். அதற்கு எந்தப் புராணத்திலும் புண்ணியம் சொல்லவில்லை. சரக்கு இறக்கும் மண்டியில் கக்கூஸ் ஒன்று உண்டு. "டிரைவர்கள் உபயோகிக்கக் கூடாது" என்று அதன் கதவில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. அவர் அந்த ஊரில் எழுத்துக்கூட்டிப் படித்த இரண்டாவது பலகை அது. முதலாவது, நோ என்ட்ரி.

சிரிப்பு அடங்கியபோது அமுதவல்லி தாழ்ந்த குரலில் ஒன்று கேட்டாள்.

"அந்த வெள்ளைக் கல்லு மாளிகை முன்னால உக்காந்து டீ குடிச்சேன்னு சொல்வீங்களே. யுவா வயித்துல இருக்கறப்பச் சொன்னீங்க. புல்லு மெத்தையாட்டம் இருந்துச்சுன்னீங்க. அது எத்தன மணிக்குங்க?"

மற்றவர்களுக்கு இது சுற்றுலாத் திட்டம். அவளுக்கோ தனியாகக் கழித்த பாதி நாட்களுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அந்தப் புல்வெளிதான். அதை அவர் பார்த்தாரா, இல்லையா?

வெள்ளியங்கிரி கழுத்தைத் தடவினார்.

"அது காலண்டருல இருந்துச்சு புள்ள. மண்டி ஆபீசுல மாட்டியிருப்பான். பன்னண்டு மாசமும் அதே படம்."

"அப்ப பகலெல்லாம் எங்கதான் இருந்தீங்க?"

"வண்டிக்கு அடியில. நெழலு அங்கதான இருக்கும்."

செல்லாயி பெருமூச்சு விட்டாள். "அதுக்கெல்லாம் ஒரு யோகம் வேணுமுங்க. அண்ணனுக்கு அந்த யோகம் எழுதல."

எழுதியிருந்தது, செல்லாயி. நெற்றியில் அல்ல, நகர எல்லையில், இரும்புத் தகட்டில், சிவப்புப் பெயிண்டில். அதை எழுதியது பிரம்மா இல்லை. நெரிசலைக் குறைக்க ஒரு விதி வேண்டும் என்பது நியாயம்தான். அந்த விதிக்கு வெளியே நாள் முழுக்க நிற்கிறவனுக்கு ஒரு குழாய், ஒரு கூரை, ஊரைப் பார்த்து வர ஒரு பஸ் வேண்டும் என்பது மட்டும் எந்த அதிகாரியின் புத்திக்கும் எட்டவில்லை. அதற்குப் பெயர் யோகக் குறைவு என்றால், ஊரில் நடக்கிற எல்லா அநியாயத்தையும் ஜாதகத்தின் தலையில் கட்டிவிட்டுத் தூங்கப் போகலாம்.

வெள்ளியங்கிரி போனை எடுத்தார். "இரு, ராம்சரணக் கேக்கலாம். அவன் அங்கயே இருக்கறவன்." ராம்சரண் பீகாரி, மண்டியில் மூட்டை இறக்குகிறவர். வெள்ளியங்கிரியின் லாரியிலிருந்து எத்தனையோ ஆயிரம் மூட்டைகளைத் தலையில் சுமந்து இறக்கியவர். வெள்ளியங்கிரியின் இந்தி நாற்பது சொற்களுக்குள் அடங்கும். அதில் பாதி, வண்டியைப் பின்னால் எடுப்பது பற்றியது. அதை வைத்துக்கொண்டே கேட்டார்: வீட்டம்மாவோடு வருகிறேன், பகலில் உன் ஊரில் பார்க்க என்னென்ன இருக்கிறது?

எதிர்முனையில் நீளமாக ஒரு சிரிப்பு. பிறகு நீளமாக ஒரு பேச்சு. வெள்ளியங்கிரி "அச்சா... அச்சா..." என்று கேட்டுக்கொண்டே போனார். அச்சாவின் சுருதி இறங்கிக்கொண்டே வந்தது.

"என்னங்கறாரு?" என்றாள் அமுதவல்லி.

"முப்பத்தொரு வருசமா அங்க இருக்கறானாமா. ராத்திரி மூட்ட எறக்கறது, பகல்ல தூங்கறது. அவனும் ஒண்ணையும் பாக்கலியாமா." போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். "நாம போறப்ப அவனும் கூட வாரானாமா. வரட்டுமான்னு கேக்கறான்."

யுவஸ்ரீ இப்போது தன் போனைத் திறந்துவிட்டாள். நாற்பத்து மூன்று இடங்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போட்டிருந்தது. மியூசியம் திங்கட்கிழமை கிடையாது. ரயில் போய்ச் சேர்வதோ திங்கட்கிழமை. டிராம் ஓடுகிறது என்றது ஒரு பக்கம், நிறுத்திவிட்டார்கள் என்றது இன்னொரு பக்கம். "முதல்ல ஆத்துக் கப்பல்ல போகலாம்" என்றாள் ஒருத்தி. "புஸ்தகக் கடைத் தெரு ஒண்ணு இருக்குதாமா, அங்க நமக்கு என்ன வேல?" என்றாள் இன்னொருத்தி. "ஏன், நாம படிக்கப்படாதா?" என்று செல்லாயி சண்டைக்குப் போனாள். ஆளாளுக்கு ஒரு திசை காட்டினார்கள். நடுவில் போனைப் பொத்திய கையோடு வெள்ளியங்கிரி நின்றார்.

அமுதவல்லி அவர் காதிலிருந்த பேனாவை உருவினாள். நோட்டில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் தேடிப் பிடித்து, எட்டுப் பேரின் பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். பிறகு ஒன்பது என்று எண் போட்டு நிமிர்ந்தாள்.

"அந்தண்ணன் பேரு என்ன சொன்னீங்க? மெதுவாச் சொல்லுங்க, எழுதோணும்."

பொங்கலுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. ஒன்பதாவது பெயருக்குக் கீழே அந்தப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்த ஊரில் பகல் வெளிச்சத்தில் நடந்திருந்தால், இப்போதே ஒரு தாள் எடுங்கள். ஹவுராவில் இறங்கியதும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், மூன்று நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது, கால் வலித்தால் புல்லில் உட்கார எங்கே விடுவார்கள் என்று பெரிய எழுத்தில் எழுதி, வெள்ளியங்கிரி, அமுதவல்லி என்று இரண்டு பெயரும் போட்டு இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு அனுப்புங்கள்.