வண்டி ஓட்டுகிறவருக்கு எழுதிய மருந்து

அந்தப் பாட்டிலைத் தினமும் அவரேதான் கழுவுவார். அன்றைக்கு வேலையிலிருந்து வந்ததும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டதால் மனைவி எடுத்துக் கழுவினாள். கவிழ்த்தபோது தொட்டியில் ஓடியது சிவப்பாக இருந்தது.

அவர் டவர் கிரேன் ஓட்டுகிறவர். எழும்பிவரும் கட்டடத்தின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் பத்து மணி நேரம். ஏணியில் ஏறவே அரை மணி ஆகும் என்பதால் ஒன்றுக்குப் போக இறங்கமாட்டார், அதற்குத்தான் பாட்டில். மேலேயிருந்து தூறல் போட்டுவிடாதீர்கள் அண்ணே என்று கம்பி கட்டுகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். பாட்டில் நிறையக் கூடாதென்று பதினெட்டு வருஷமாகப் பகலில் தண்ணீரைத் தொட்டதில்லை. இப்போதெல்லாம் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது என்பதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார். புராஸ்டேட் வீங்கியிருந்தது, மூத்திரப்பையில் ஒரு கல். மருந்து எழுதுமுன் பேனாவை மூடி வைத்துவிட்டு, என்ன வேலை, எப்போது சாப்பாடு, நடுவில் எழுந்து போக முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"வண்டி ஓட்டறேன்மா," என்றார் அவர்.

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். கிரேன் என்று தெரிந்தால் கம்பெனிக்கு எழுதிவிடுவார்கள், கம்பெனி கீழே இறக்கி மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிடும் என்று வரும் வழியெல்லாம் அவர் புலம்பியிருந்தார்.

டாக்டர் வண்டிக்காரருக்கென்றே அளவெடுத்துத் தைத்தாற்போல் அட்டவணை போட்டார். மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓரங்கட்டி இறங்க வேண்டும். ராத்திரி ஒரு மாத்திரை.

"முதல் வாரம் தலை சுத்தும். கண்ணு இருட்டினா வண்டியை ஓரமா நிறுத்திடுங்க."

அவர் எல்லாவற்றுக்கும் சமர்த்தாகத் தலையாட்டினார். மனைவி அந்த ஏணியை ஒரே ஒருமுறை அண்ணாந்து பார்த்திருக்கிறாள். கழுத்து வலித்ததே தவிர, முடிவு தெரியவில்லை. அதன் பாதியில் கண் இருட்டினால்? கம்பிக்காரர்கள் தலைக்கு மேல் இரண்டு டன் தொங்கும்போது இருட்டினால்? கைப்பையின் வாரை அறுந்துவிடும்படி முறுக்கினாள்.

"டாக்டர், அது வண்டி இல்லை. இவரு கிரேன் ஓட்டறாரு. நாப்பது மாடிக்கு மேல."

"உன்னைக் கேட்டாங்களா?" என்றார் அவர், அவள் பக்கம் திரும்பாமலே.

டாக்டர் எழுதிய தாளை இரண்டாகக் கிழித்துவிட்டுப் புதுத்தாள் எடுத்தார். "சரிங்கய்யா, முதல்லேருந்து பேசுவோம். மேல ஏறும்போது இதுக்கு முன்னாடி எப்பவாவது தலை சுத்தியிருக்கா?"

அவர் எழுந்தார். சட்டையின் கீழ்ப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கதவைச் சாத்தாமலே வெளியே போய்விட்டார்.