ஒரு தாய் சொன்னதும் நான் சொன்னதும்

ஒரு தாய் சொன்ன உண்மையை நான் மாற்றிச் சொன்னேன். அதைக் கண்டுபிடித்த அவருடைய மகளைப் பொய்க்காரியாக்கினேன்.

இரண்டாயிரங்களின் முதல் வருடங்கள். நோர்வேயில், ஒஸ்லோ நகரில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். ஆசிரியை ஒருவரைக் கத்தரிக்கோலால் குத்திய பதினாறு வயதுத் தமிழ்ப் பிள்ளையை நீதிமன்றம் இளையோருக்கான மனநல விடுதிக்கு அனுப்பியிருந்தது. வீட்டில் தன்னை அறைக்குள் பூட்டி வைத்தார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அது நடந்ததா, நோயின் கற்பனையா என்று மருத்துவர் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். அதற்காகத் தாயை நகரின் ஓரத்து வெஸ்ட்லியிலிருந்து அழைத்திருந்தார்கள். மகளும் அறையில் இருந்தாள்.

தாய் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஓம், நான்தான் பூட்டினனான். மூண்டு நாள். சாப்பாட்டைக் கதவடியிலை வைச்சனான். பிள்ளை பொய் சொல்லேல்லை."

பேசுகிறவரின் "நான்" என்பதை மொழிபெயர்ப்பாளனும் "நான்" என்றே சொல்ல வேண்டும். அது எங்கள் தொழிலின் விதி. "நான் பூட்டினேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தகப்பன் கோயிலில் என் பக்கத்தில் நிற்பவர். வீட்டில் இன்னும் இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர்களையும் அரசு எடுத்துவிடும் என்று பயந்தேன். "நான் கொஞ்சம் கண்டிப்பாக இருந்தேன்" என்று நொர்வேஜிய மொழியில் சொன்னேன்.

மகள் எழுந்துவிட்டாள். அம்மா அப்படிச் சொல்லவில்லை என்று மருத்துவரிடம் அவர் மொழியில் கத்தினாள். என் பக்கம் திரும்பி, "மாமா, சொன்னதைச் சொல்லுங்கோ!" என்றாள். மருத்துவர் என்னைப் பார்த்தார். இங்கே பிறந்த பிள்ளை, தமிழ் சரியாக விளங்காது என்றேன். அவர் எழுதிக்கொண்டார். தாய்க்கும் விளங்கிவிட்டது, அதன்பின் அவர் வாய் திறக்கவில்லை. பூட்டியது நோயின் கற்பனை என்றே நீதிமன்றத்துக்கு அறிக்கை போனது. மகள் ஒரு வருடத்துக்கு மேல் விடுதிக்குள்ளே இருந்தாள். அவள் குரல் இன்றும் என்னை விடுவதில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் எழுதத் துணிந்தேன். நடந்ததைச் சொல்லி விடுதிக்கு ஒரு கடிதம், மகளுக்கு அதன் பிரதி. கோப்பில் சேர்த்துவிட்டதாக விடுதி இரண்டு வரி அனுப்பியது. தாயை ஒஸ்லோவின் குறொன்லாண்டுப் பகுதியில் ஒரு மரக்கறிக் கடையில் கண்டு மன்னிப்புக் கேட்டேன். "அண்டைக்கு ஒரு துணிவிலை சொல்லிப்போட்டன், அண்ணை. நீங்கள் மறிச்சுப்போட்டியள். பிறகு அந்தத் துணிவு எனக்கு வரேல்லை" என்றவர், முருங்கைக்காய்களை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்க்கத் தொடங்கினார்.

மகள் திராமன் நகரிலிருந்து ஒருமுறை தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா சொன்னது எனக்கு அண்டைக்கே கேட்டது, மாமா. டொக்டருக்குத்தான் கேட்டிருக்க வேணும். அந்தாள் இப்ப உயிரோடை இல்லை."

மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பை நான் தொடங்கினேன்.

"வேலைக்கு நேரமாச்சு" என்றாள்.